வீட்டில் இருக்கும் துவக்கு: தவறுதலாக வெடிப்பதை எப்படித் தடுப்பது?

படுவான்கரை ஆசிரியர்

உறவுகளுக்கு வணக்கம். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் அண்மையில், சுவரில் மாட்டியிருந்த ஒற்றைக்குழல் துவக்கை (துப்பாக்கியை) பேரப்பிள்ளை எடுத்துப் பார்த்தபோது அது வெடித்து, அதே அறையில் பாயில் படுத்திருந்த தாயின் தொடையைத் துளைத்துவிட்டது. அவர் உயிர் தப்பிவிட்டார். அந்தக் குடும்பத்தின் பெயரையோ ஊரையோ நான் எழுத மாட்டேன். வேறு எவரும் ஊகித்து எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அது அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு. வைத்திருந்தவர் அதைப் பல வருடங்களாகக் கையாண்டு பழகியவர். முந்தின இரவு பன்றிக் காவலுக்குப் போய்விட்டு, விடியப்புறம் களைத்து வந்தவர், தோட்டாவைக் கழற்றாமலே ஆணியில் மாட்டிவிட்டு உறங்கிவிட்டார். ஊரில் பலரும் இதைத் தலைவிதி என்று சொல்லி விட்டுவிட்டார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. தோட்டா உள்ளே இருந்தது, துவக்கு பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, பூட்டு எதுவும் இருக்கவில்லை. இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் அந்தத் தாய் இன்று வயலில் நின்றிருப்பார்.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, உன்னிச்சைப் பக்கங்களிலும் அம்பாறை மாவட்டத்தின் காட்டோர ஊர்களிலும் காட்டுப்பன்றிக்காகத் துவக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீடுகளில் அதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

முன்மாரி

ஐயா, அந்தத் தாய்க்கு நேர்ந்ததை நினைக்க மனம் வருந்துகிறது. ஆயினும் எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். பன்றி நேரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கதிர் பால் பிடிக்கும் காலத்தில் ஒரு கூட்டம் ஒரே இரவில் அரை ஏக்கரைச் சேறாக்கிவிடும். துவக்கைப் பெட்டிக்குள்ளும் தோட்டாவை வேறோர் இடத்திலும் வைத்துப் பூட்டிவிட்டு, இருட்டில் சாவியைத் தேடி எடுத்து, திறந்து, போட்டு முடிப்பதற்குள் வேளாண்மை போய்விடும். பூட்டி வைக்கச் சொல்வது எளிது. கடன் வாங்கி விதைத்தவனுக்கு அது எளிதல்ல.

சம்மாந்துறை காக்கா

தம்பி முன்மாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் துவக்கு எப்படித் தானாக வெடிக்கிறது என்பதைப் பார்ப்போம். நான் நெடுங்காலம் வேளாண்மை செய்தவன்; 12 போர் (போர் என்பது குழலின் உள்ளகல அளவு) துவக்கைப் பிரித்துப் பூட்டவும் தெரிந்தவன்.

எங்கள் பக்கம் இருப்பவற்றில் பல மிகப் பழையவை, வாப்பாவின் காலத்தவை. சுத்தியல் வெளியே தெரியும் ஒற்றைக்குழல் துவக்கில், சுத்தியலைப் பின்னால் இழுத்துவிட்டு, பிறகு பன்றி போய்விட்டது என்று பெருவிரலால் பிடித்தபடி மெதுவாக இறக்குவார்கள். பனியிலும் வியர்வையிலும் நனைந்த விரல் சறுக்கினால் அந்தக் கணமே வெடிக்கும். இறக்கிய பிறகும் ஆபத்து முடிவதில்லை. மிகப் பழைய வகைகளில் சுத்தியல் ஊசியின் மேலேயே சாய்ந்து நிற்கும். ஊசியின் நுனி தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். துவக்கு கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால், விசையை யாரும் தொடாமலே அது வெடித்துவிடும்.

சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் புதிய வகைகளில் சேப்டி இருக்கிறதே என்று சிலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவற்றில் அந்தச் சேப்டி விசையை மட்டுமே தடுக்கிறது. உள்ளே இழுபட்டு நிற்கும் சுத்தியலைத் தடுப்பதில்லை. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துபோயிருக்கும் பழைய துவக்கு பலமாக விழுந்தால், சேப்டி போட்டிருந்தும் வெடிக்கலாம். ஆகவே உள்ளே தோட்டா இல்லாமல் இருப்பது ஒன்றுதான் நம்பத்தக்க பாதுகாப்பு. மடித்துத் திறந்து, கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வேறொருவர் "வெறுந்துவக்குத்தான்" என்று சொல்லித் தந்தாலும், வாங்கிய உடனே நாமே மறுபடி திறந்து பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது.

இன்னொரு விடயம்: லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் கிடக்கும் துவக்கைக் குழலின் வாயைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து எடுப்பது. விசையில் சாக்கு நூலோ கம்பியோ கொழுவினால் போதும். இழுப்பவரின் நெஞ்சுக்கு நேராகவே குழல் இருக்கிறது. வரம்பு தாண்டும்போதும் வாய்க்கால் கடக்கும்போதும் மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று மூத்தவர்கள் எங்களை அதட்டியதற்குக் காரணம் இதுதான்.

வெடிக்காமல் போன தோட்டாவையும் சொல்ல வேண்டும். மாரி ஈரத்தில் ஊறிய தோட்டா, அடித்த உடனே வெடிக்காமல் சற்றுத் தாமதித்து வெடிப்பதுண்டு. குழலை ஆளில்லாத திசையிலேயே அரை நிமிடமாவது பிடித்திருந்து, முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து எடுக்க வேண்டும். "பழுதான தோட்டாதானே" என்று உள்ளே விட்டபடியே வீட்டுக்குக் கொண்டுவருவது மிகவும் ஆபத்தானது.

விடுதித் தாதி

நான் சத்திரசிகிச்சை விடுதியில் பணியாற்றுபவள். நோயாளிகளைப் பற்றி எதுவும் எழுத முடியாது. ஆனால் காயம் எப்படிப்பட்டது என்பதைப் பலர் அறியாமல் பேசுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான சன்னங்கள் விரிந்து சிதறும் என்ற எண்ணம் தூரத்துக்கே பொருந்தும். ஓர் அறைக்குள், சில அடி தூரத்தில், ஈயச் சன்னங்கள் விரிய நேரம் கிடைப்பதில்லை. அவை ஒரே கட்டியாக நுழைந்து தசையையும் இரத்தக்குழாயையும் எலும்பையும் சேர்த்துச் சிதைக்கின்றன. தோட்டாவுக்குள் இருக்கும் அடைப்பும் உடுத்திருந்த துணியின் துண்டுகளும் காயத்தின் ஆழத்துக்குப் போவதால் கிருமித் தொற்று ஏற்படும். பலகைச் சுவரோ கிடுகுச் சுவரோ அதைத் தடுக்காது. அடுத்த அறையில் படுத்திருப்பவரும் பாதுகாப்பில் இல்லை.

யாருக்காவது இப்படி நேர்ந்தால், முதலில் துவக்கை எல்லோரிடமிருந்தும் விலக்குங்கள். இரட்டைக்குழலாக இருந்தால் மற்றக் குழலில் இன்னும் தோட்டா இருக்கலாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே, இதயப் பக்கமாக, மூட்டில் படாமல், அகலமான துணிப்பட்டையை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலைக்கு வரும் வழியில் அதைத் தளர்த்திப் பார்க்க வேண்டாம். சன்னத்தைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதையும் போட வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படும் என்பதால் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். பொலிஸ் விசாரணைக்குப் பயந்து தாமதிப்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது. தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும்.

முன்மாரி

காக்கா எழுதியதையும் தங்கச்சி எழுதியதையும் முழுவதும் வாசித்தேன். நன்றி. ஆனால் என் கேள்விக்கு விடை வரவில்லை. பன்றி வரும் இரவில் என்ன செய்வது?

படுவான்கரை ஆசிரியர்

தம்பி, அதையே நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் விவசாயிகள் பலருக்கு வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறது. வயல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. விதைப்பு முதல் அறுப்பு வரை வயல் குடிசையான வாடியில் தங்குகிறார்கள், அல்லது மாலையில் வந்து காவல் இருந்துவிட்டுக் காலையில் திரும்புகிறார்கள். அம்பாறையிலும் நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்களின் வட்டைகள் (வயல்வெளிகள்) மேற்கே தள்ளித்தான் இருக்கின்றன. இவர்களுடைய வீட்டுக்கு இரவில் பன்றி வரப்போவதில்லை. தோட்டா போட்டபடி துவக்கு அங்கே தொங்குவதற்கு ஒரு தேவையும் இல்லை. வயலில் கழற்ற மறந்ததோ சோம்பலோதான் காரணமாகிறது. அறுப்பு முடிந்த பிறகு மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கும் வீடுகளும் உண்டு.

ஆகவே உங்கள் கேள்வி, பன்றி வீட்டு வளவுக்கே வரும் காட்டோர ஊர்களைப் பற்றியது மட்டும். அங்கேயும் காவல் இருப்பவர் விழித்திருக்கும் பரணில்தான் தோட்டா துவக்குக்குள் போக வேண்டும் என்பது என் கருத்து. அவர் உறங்கப் போகும்போது, அந்த அவசரத்துக்கென்று துவக்கை ஆயத்தமாக வைத்திருந்து என்ன பயன்? உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து, இருட்டில், எது அசைகிறது என்று தெரியாமல் சுடுகிறவர், பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். சாவியைத் தேடும் அந்த ஒரு நிமிடம், எதைச் சுடப்போகிறோம் என்று டோர்ச் அடித்துப் பார்க்கவும் வேண்டிய நிமிடம்.

வந்தது யானையாக இருந்தால் துவக்கை எடுக்கவே கூடாது. சன்னம் யானையைக் கொல்லாமல் காயப்படுத்தி, அதை இன்னும் மூர்க்கமாக்கி ஊருக்குள் விடும். சட்டத்தின் முன்னும் அது குற்றம். யானையை விரட்டும் பட்டாசான யானை வெடியோடு நிறுத்திக்கொண்டு வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

சம்மாந்துறை காக்கா

ஆசிரியர் சொன்னதற்கு ஒரு செய்முறையைச் சேர்க்கிறேன். மடித்துத் திறக்கும் துவக்கை எந்தக் கருவியும் இல்லாமல் மூன்று துண்டாகப் பிரிக்கலாம்: குழல், பிடியோடு சேர்ந்த பகுதி, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்மரம். முன்மரத்தைக் கழற்றி எடுத்துவிட்டால் குழல் பிடியோடு ஒழுங்காகப் பூட்டி நிற்காது. பழகிய கைக்கு மீண்டும் பூட்டச் சில விநாடிகள் போதும். பிள்ளைக்கு அது முடியாத காரியம். பெரிய இரும்புப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், குழலையும் பிடியையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, முன்மரத்தையும் தோட்டாவையும் வேறு பூட்டில் வைத்தால் செலவு இரண்டு பூட்டுகளோடு முடிந்துவிடும்.

தோட்டாவை ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். நெருப்புப் பட்டுத் தனியே வெடிக்கும் தோட்டா, குழலுக்குள் வெடிப்பதுபோல் தூரம் பாயாது. ஆனால் பித்தளை அடியும் ஓடும் சிதறிக் கண்ணைப் பறிக்கப் போதுமானவை. இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியே போதும். அந்தப் பேணிக்குள் 12 போர் தோட்டாக்களுடன் 20 போர் தோட்டாக்களைக் கலந்து வைக்கவும் கூடாது. அளவில் சிறிய 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் சறுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். தோட்டா போடவில்லை என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டு அடித்தால், இடது கை இருக்கும் இடத்திலேயே குழல் வெடித்துப் பிளக்கும்.

ஆலையடிவேம்பு அம்மா

என் வீட்டில் துவக்கு இல்லை. ஆனால் என் மகன் விளையாடப் போகும் வீடுகளில் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. "துவக்கைக் கண்டால் தொடாதே, பெரியவர்களிடம் வந்து சொல்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது போதுமா?

விடுதித் தாதி

அக்கா, சொல்லிக்கொடுப்பது அவசியம். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த ஓர் ஆய்வு 2001 இல் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. 8 முதல் 12 வயது வரையான 64 சிறுவர்களை, இருவர் மூவராக, ஓர் அறையில் சிறிது நேரம் விளையாட விட்டு மறைவிலிருந்து பார்த்தார்கள். அறையின் இழுப்பறை ஒன்றில், வெடிக்க முடியாதபடி செய்யப்பட்ட உண்மையான கைத்துப்பாக்கி வைக்கப்பட்டிருந்தது. 48 சிறுவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர், துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றி ஏற்கனவே ஏதோ ஒரு விதத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள்.

அதே நாட்டில் 2005 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், துவக்கைப் பூட்டி வைப்பது, தோட்டாவைக் கழற்றி வைப்பது, தோட்டாவை வேறிடத்தில் வைப்பது, தோட்டாவையும் பூட்டி வைப்பது ஆகிய நான்கும் தனித்தனியே, பிள்ளைகளும் இளவயதினரும் தவறுதலாகக் காயப்படுவதும் தம்மைத் தாமே சுட்டுக்கொள்வதும் குறைவதோடு தொடர்புபட்டிருந்தன. தம்மைத் தாமே சுட்டுக்கொள்வதைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் காலத்தில், துவக்கை வீட்டிலிருந்தே அகற்றிவிட வேண்டும். பேசுவதற்கு ஒருவர் தேவைப்பட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்குள்ள குழந்தை மருத்துவர்கள், பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் பூட்டப்படாத துப்பாக்கி இருக்கிறதா என்று பெற்றோர் நேரடியாகவே கேட்க வேண்டும் என்கிறார்கள். நாய் கட்டியிருக்கிறதா, கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா என்று நாங்கள் கேட்பதில்லையா? அதுபோல இதையும் கேளுங்கள். நல்ல மனிதர் கோபிக்க மாட்டார்.

பொத்துவில் இளைஞன்

பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உறவினர் ஒருவரின் வீட்டில், காலஞ்சென்ற பாட்டனார் வைத்திருந்த இடியன் துவக்கு (குழல் வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் பழைய துவக்கு) ஒன்று கூரை வளைக்குள் செருகியபடி இருக்கிறது. மருந்து இடித்த நிலையில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அனுமதிப்பத்திரமும் இல்லை. பொலிஸில் கொடுத்தால் வழக்கு வரும் என்று பயந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சம்மாந்துறை காக்கா

மகன், அதை யாரும் தொட வேண்டாம். 12 போர் துவக்கைப் போல இடியனை மடித்துத் திறந்து பார்க்க முடியாது. மருந்தும் சன்னமும் வாய் வழியாக இடித்து இறக்கப்பட்டவை. சுட்டுத் தீர்ப்பதைத் தவிர எளிதாக வெளியே எடுக்கும் வழி இல்லை என்பதால்தான் அந்தக் காலத்தில் அதை நிரப்பியபடியே கூரையில் செருகினார்கள். கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறை உண்டு. அதைச் செய்பவரின் கை குழல் வாய்க்கு நேரே இருப்பதால் அதையும் செய்யச் சொல்ல மாட்டேன். பழைய மருந்து என்பதால் செத்துப்போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். உலர்ந்த இடத்தில் கருமருந்து பல தலைமுறைகளுக்கும் உயிரோடு இருக்கும். தீக்குச்சி மருந்து சேர்த்துச் செய்தது என்றால் உராய்வே போதும். குழல் பார்க்கும் திசையில் யாரும் படுக்காதபடி இன்றே இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

இளைப்பாறிய கச்சேரி உத்தியோகத்தர்

சட்டம் பற்றி அறிந்ததை எழுதுகிறேன். இந்த நாட்டில் துப்பாக்கி விடயம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரம் மாவட்டச் செயலகத்தால் (கச்சேரியால்) ஆளின் பெயருக்கு வழங்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். உரியவர் இறந்தால் அது பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேராது. துவக்கு வீட்டிலேயே கிடந்தால், அனுமதியோடு இருந்த ஆயுதமும் அனுமதியற்றதாகிவிடும். தகப்பனாரின் மரணச் சான்றிதழை எடுக்கும் நாட்களிலேயே கிராம உத்தியோகத்தருக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

பொத்துவில் தம்பியின் உறவினர்கள், துவக்கைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகக் கூடாது. கொண்டுபோவதும் ஆபத்து, வழியில் மறித்தால் விளக்குவதும் கடினம். ஊரில் மதிப்புள்ள ஒருவரையும் முடிந்தால் ஒரு சட்டத்தரணியையும் முன்னிட்டு, கூரையில் பழைய துவக்கு ஒன்று கிடப்பதைக் கண்டோம், வந்து எடுத்துச் செல்லுங்கள் என்று நிலையப் பொறுப்பதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். 2020 பெப்ரவரியில் நடந்ததுபோல, அனுமதியற்ற ஆயுதங்களை ஒப்படைக்க அரசாங்கம் பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பதுண்டு. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு, சிறு பிள்ளைகள் உறங்கும் கூரையில் அதை விட்டுவைக்க வேண்டாம். ஒளித்து வைத்துப் பிடிபடுபவரையும் தானாக முன்வந்து அறிவிப்பவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

பன்றிக்காக வளவின் எல்லையில் கட்டுத்துவக்கு (கம்பி இழுபட்டால் தானாகச் சுடும்படி கட்டிய துவக்கு) வைப்பவர்கள் இதை வாசித்தால், இன்றே அவிழ்த்துவிடுங்கள். அந்தக் கம்பியில் கால் வைக்கப்போவது பன்றியா, விறகுக்குப் போகும் பெண்ணா, உங்கள் பிள்ளையா என்று துவக்குக்குத் தெரியாது. அது எந்த அனுமதிப்பத்திரத்தின் கீழும் வராது.

பொத்துவில் இளைஞன்

நன்றி ஐயா, நன்றி காக்கா. பிள்ளைகளை இன்றிரவே மாமி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். பள்ளிவாசல் தலைவருடன் நாளை பேசுகிறோம்.

முன்மாரி

முன்மரத்தைக் கழற்றி வேறாகப் பூட்டும் யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. அது காவல்காரனுக்கு நேரத்தை வீணாக்காது. இரவில் காவல் இருந்துவிட்டு அப்படியே உறங்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தனியாக வேளாண்மை செய்பவன் இரவு முழுதும் விழித்திருக்க முடியாது; அயல் வயல்காரர்கள் முறை வைத்துக் காவல் இருந்தால்தான் இது நடக்கும். எங்கள் வட்டையின் கமக்காரர் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். இன்னும் ஒரு கேள்வி: சாவியை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் எந்தச் சாவியை எங்கே வைத்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சம்மாந்துறை காக்கா

அரைநாண் கயிற்றிலோ பெல்ட்டிலோ கட்டிக்கொள்ளுங்கள், தம்பி. அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதோ, சாவி அவருடைய உடம்பிலேயே இருக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றினால் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுக் குளியுங்கள். இரண்டாவது சாவியை, வீட்டுக்கு வெளியே, நீங்கள் நம்பும் மூத்த உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

படுவான்கரை ஆசிரியர்

முன்மாரி தம்பி, கமக்காரர் கூட்டத்துக்குக் கொண்டுபோகக்கூடியதாக, காக்காவும் தாதித் தங்கச்சியும் எழுதியவற்றை ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் தட்டச்சுச் செய்து தருகிறேன். தங்கச்சி, முதலுதவிப் பகுதியை நீங்கள் ஒருமுறை சரிபார்த்துத் தந்தால், எங்கள் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்திலும் கொடுப்பேன்.

விடுதித் தாதி

அனுப்புங்கள் ஐயா, பார்த்துத் தருகிறேன். 1990 இலக்கத்தை மட்டும் மேலே முதல் வரியில் போடுங்கள்.